எம்எஃப்டிஐபியில் பதிந்த காட்டில் மேப்பிள் சாறு எடுப்பது: ஒன்டாரியோ காணிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்டாரியோவில் காட்டுக்காணி வாங்கியவர்களுக்கும், வாங்கிய காணியை வரிச்சலுகைத் திட்டத்தில் பதிந்தவர்களுக்கும், பதிந்த காட்டில் வசந்தகாலச் சாறு எடுக்க நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். வரியும் மரமும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பதில்களும் அப்படியே கலந்து வருகின்றன.

எம்எஃப்டிஐபி என்றால் என்ன? என் காணி அதற்குத் தகுமா?

Managed Forest Tax Incentive Program என்பதன் சுருக்கம். தனியார் காட்டைப் பராமரிக்க ஒப்புக்கொள்பவருக்கு ஒன்டாரியோ மாகாணம் தரும் சொத்துவரிச் சலுகை அது. பதிவான காட்டுப் பகுதிக்கு நகராட்சியின் குடியிருப்பு வரிவிகிதத்தில் 25 சதவீதம் மட்டுமே விதிக்கப்படும். காட்டுப் பகுதிக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் கட்டிவந்தவருக்கு, மதிப்பீடு மாறாதிருந்தால், அது 500 ஆகும்.

ஒரே நகராட்சியில், ஒரே வரிப்பதிவு எண்ணின் கீழ், குறைந்தது 4 ஹெக்டேர் காடு வேண்டும். ஏக்கரில் 9.88. வீடும் அதைச் சுற்றிய முற்றமும் இந்தக் கணக்கில் சேராது. 10 ஏக்கர் காணி வாங்கி நடுவில் வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறிப்போகிறார்கள். உரிமையாளர் தனிநபரானால் கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இருக்க வேண்டும்.

அடுத்தது மர எண்ணிக்கை. ஹெக்டேருக்கு எந்த அளவிலும் 1,000 மரங்கள், அல்லது 5 செ.மீ. விட்டத்துக்கு மேல் 750, அல்லது 12 செ.மீ.க்கு மேல் 500, அல்லது 20 செ.மீ.க்கு மேல் 250. வளர்ந்த மேப்பிள் காடு என்றால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய மேய்ச்சல் நிலத்தில் மரம் பிடித்துவரும் காணி என்றால் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.

பதிந்த காட்டில் சாறு எடுத்தால் சலுகை போய்விடுமா?

போகாது. பாகு காய்ச்சுவது காட்டின் முறையான பயன்களில் ஒன்று. ஆனால் அது உங்கள் காட்டுத் திட்டத்தில், அதாவது காட்டை எப்படிப் பராமரிப்பீர்கள் என்று எழுதித் தரும் ஆவணத்தில், இருக்க வேண்டும். சலுகை கிடைப்பது அந்தத் திட்டத்தை நம்பித்தான். திட்டம் ஒன்று சொல்ல, காட்டில் வேறொன்று நடந்தால்தான் சிக்கல். சாறு எடுக்க முடிவுசெய்தவுடன், முதல் துளை போடுமுன்பே, திட்டத்தைத் திருத்துவதுதான் சரியான வரிசை.

திட்டத்தில் சாறு பற்றி என்ன எழுத வேண்டும்?

திட்டம் பத்து ஆண்டுக்கானது. நீங்களே எழுதலாம், வனவியலாளரிடம் கொடுத்தும் எழுதலாம். எப்படியானாலும் மாகாணம் அங்கீகரித்த திட்ட ஒப்புதலாளர் ஒருவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். "மேப்பிள் சாறு எடுக்கப்படும்" என்ற ஒற்றை வரியில் ஒப்புதல் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அந்த வரியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

காடு முழுவதையும் ஒரே துண்டாக எழுதாதீர்கள். மேட்டில் மேப்பிள், தாழ்வில் சிடார், பழைய வயலில் பைன் என்று காடு தன்னைத்தானே பிரித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிரிவுகளை வரைபடத்தில் தனித்தனியாகக் குறித்து, சாறு எடுக்கும் பிரிவுக்கு மட்டும் சாற்றை நோக்கமாக எழுதுங்கள். அந்தப் பிரிவில் என்ன மரங்கள், என்ன பருமன், ஹெக்டேருக்கு அடிப்பரப்பு (எல்லா மரத்தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கூட்டிய அளவு) எத்தனை சதுர மீட்டர் என்பதும் வேண்டும். துளை போடக் குறைந்தபட்ச விட்டம், ஒரு மரத்துக்கு அதிகபட்சத் துளைகள், மொத்தத் துளைகள் ஆகிய மூன்று எண்களையும் எழுதிவையுங்கள். எந்த ஆண்டில் களையெடுப்பு வெட்டு, எந்த ஆண்டில் பாதை திருத்தம் என்ற அட்டவணையும் வேண்டும்.

பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. பலகைக்காக வளர்க்கும் மரம் எது, சாற்றுக்காக வளர்க்கும் மரம் எது என்பதை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். துளை போட்ட மரத்தின் அடித்தண்டில் பழுப்புக் கறை ஏறும். மரத்தில் விலை அதிகம் பெறும் பகுதியே அந்த அடித்தண்டுதான். கணு இல்லாமல் நேராக உயர்ந்த நல்ல மேப்பிள்கள் சிலவற்றைத் துளையே போடாமல் ஒதுக்கிவைப்பது, பிள்ளைகள் காலத்துக்கு விட்டுவைக்கும் சேமிப்பு.

விவசாயக் காணியாகப் பதிவது இன்னும் லாபமில்லையா?

விவசாய வகுப்புக்கும் வரி 25 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆனால் அதற்கு ஆண்டு மொத்த விவசாய வருமானம் 7,000 டாலராவது வேண்டும், விவசாயத் தொழில் பதிவெண்ணும் வேண்டும். 50 வாளி வைத்தால் நல்ல பருவத்தில் 50 லிட்டர் பாகு கிடைக்கும். அது 7,000 டாலருக்குப் பக்கத்தில்கூட வராது. ஏற்கெனவே விவசாயம் செய்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காடு மட்டுமே வைத்திருப்பவருக்கு எம்எஃப்டிஐபிதான் பொருந்தும். ஒரே துண்டு நிலம் இரண்டு வகுப்பிலும் இருக்க முடியாது.

எந்த மரத்தில் எடுப்பது? பனியில் இலையே இல்லையே, எப்படி அடையாளம் காண்பது?

முதலிடம் சர்க்கரை மேப்பிளுக்கு. கரு மேப்பிள் அதற்கு ஈடு. சிவப்பு மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் சாறு தரும், ஆனால் இனிப்பு குறைவு, வசந்தத்தில் மொட்டும் முந்தி விரியும்.

அக்டோபரில், இலை நிறம் மாறும்போதே மரங்களுக்கு நாடா கட்டிவையுங்கள். அது தவறிவிட்டால் கிளைகளைப் பாருங்கள். மேப்பிளின் கிளைகள் எதிரெதிராகக் கிளைக்கும். ஆஷ் மரமும் அப்படித்தான், ஆனால் அதன் சிறுகிளைகள் தடித்து, மொட்டுகள் மழுங்கியிருக்கும். சர்க்கரை மேப்பிளின் மொட்டு பழுப்பு நிறத்தில் ஊசிபோல் கூராக இருக்கும். சிவப்பு மேப்பிளின் மொட்டு சிவந்து உருண்டிருக்கும்.

ஒரு மரத்தில் எத்தனை துளை போடலாம்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தையற்காரர் நாடாவால் மரத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு 79 செ.மீ.க்குக் கீழே இருந்தால், அதாவது விட்டம் 25 செ.மீ. எட்டாவிட்டால், துளை வேண்டாம். அதற்கு மேல் ஒன்று. சுற்றளவு 141 செ.மீ. தாண்டினால், அதாவது விட்டம் 45 செ.மீ.க்கு மேல் போனால், இரண்டு. மூன்றாவது துளை எந்த மரத்துக்கும் வேண்டாம். பழைய அட்டவணைகள் பெரிய மரத்துக்கு மூன்றும் நான்கும் சொல்லும். அவற்றைப் பின்பற்றாதீர்கள்.

காரணம் இது. பனையில் பதநீர் வருவது பாளையைச் சீவுவதால். அடிமரம் காயப்படுவதில்லை, சீவிய பாளை எப்படியும் உதிரப்போவது. மேப்பிளில் சாறு வருவது அடிமரத்தின் உயிர்க்கட்டையிலேயே துளை போடுவதால். அந்தக் காயத்தை மரம் ஆற்றுவதில்லை, மூடி ஒதுக்கிவிடுகிறது. துளையைச் சுற்றி, மேலும் கீழும் நீண்டு, கட்டையில் ஒரு நீளத் துண்டு கறைபட்டுச் செத்துப்போகும். அதன் பிறகு அந்தத் துண்டில் சாறு ஓடாது. புதுக் கட்டை அதன் மேல் வளர்ந்து மூடினால்தான் அந்த இடம் மீண்டும் பயன்படும். ஒவ்வோர் ஆண்டும் மரம் புதிதாக வளர்க்கும் கட்டை, நீங்கள் சாகடிக்கும் கட்டையைவிட அதிகமாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு பிசகினால் பத்து ஆண்டில் துளை போட இடமே இராது. நெருக்கத்தில் மெல்ல வளரும் மரம் 30 செ.மீ. இருந்தாலும் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு துளைப்பதுதான் நல்லது.

எப்போது துளைப்பது?

இரவு பூச்சியத்துக்குக் கீழும் பகல் 4, 5 பாகை செல்சியஸுக்கும் போகும் நாட்களில்தான் சாறு ஓடும். தெற்கு ஒன்டாரியோவில் பெப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை. இரவில் உறையும்போது கட்டைக்குள் இருக்கும் வாயு சுருங்கி வேரிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. பகலில் இளகும்போது அது விரிந்து சாற்றை வெளியே தள்ளுகிறது. இரவும் பகலும் ஒரே குளிராகவோ ஒரே வெப்பமாகவோ இருந்தால் ஒரு சொட்டும் வராது.

துளை போட்ட நாளிலிருந்து கிருமிகள் உள்ளே படியத் தொடங்கும், வாளி வைத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் துளை வறண்டுவிடும். சனவரியில் இரண்டு நாள் வெயிலைப் பார்த்து அவசரப்பட்டவர் ஏப்ரலில் நல்ல ஓட்டத்தை இழப்பார்.

துளைக்கும் முறை?

5/16 அங்குலக் கூர்மையான துளையிடும் அலகு, அதே அளவு ஸ்பைல், அதாவது துளையில் செருகிச் சாற்றை வெளியே வடிக்கும் சிறு குழாய். பழைய 7/16 அங்குலம் வேண்டாம். சாறு அதிகம் குறையாது, காயம் பாதியாகும்.

இடுப்புயரத்தில், பட்டை நல்லதாக இருக்கும் இடத்தில், சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, கட்டைக்குள் 4 செ.மீ. ஆழம் துளையுங்கள். ஆழம் தெரிய அலகில் நாடா ஒட்டிக்கொள்ளலாம். பழைய துளைக்கு நேர் மேலோ கீழோ போனால் ஓரடிக்கு மேல் தள்ளியும், பக்கவாட்டில் 5 செ.மீ.க்குக் குறையாமல் விலகியும் போடுங்கள். ஆண்டுதோறும் ஒரே திசையில் மரத்தைச் சுற்றி நகர்ந்தால் கணக்கு வைப்பது எளிது. வெளியே வரும் சீவல் பாலாடை நிறத்தில் இருந்தால் நல்ல கட்டை. பழுப்பாக வந்தால் பழைய கறையில் இறங்கிவிட்டீர்கள். ஸ்பைலைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், ஒலி மாறியதும் நிறுத்துங்கள். ஓங்கி அடித்தால் கட்டை வெடிக்கும், அந்த வெடிப்பில் சாறு கசிந்து வீணாகும். கட்டை உறைந்திருக்கும் நாளில் துளைத்தாலும் இதேதான்.

பருவம் முடிந்ததும் ஸ்பைலைக் கழற்றிவிடுங்கள். துளையில் குச்சியோ மெழுகோ அடைக்க வேண்டாம், மரம் தானே மூடிக்கொள்ளும்.

வாளியா, குழாய் வலையா?

50 துளை வரை வாளி போதும். பழைய தகர வாளிகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம். சந்தையில் அழகாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள்.

சரிவான காணியில் குழாய் எளிது. 5/16 அங்குலக் கிளைக்குழாய்களில் ஒன்றுக்கு ஐந்து துளைக்கு மிகாமல் கட்டி, தாய்க்குழாயில் சேர்க்க வேண்டும். தாய்க்குழாய்க்கு 2 சதவீதச் சரிவாவது வேண்டும், எங்கும் தொய்வு கூடாது. தொய்ந்த இடத்தில் சாறு தேங்கி வெயிலில் புளிக்கும். 10 மீட்டர் இறக்கம் உள்ள இடத்தில் 3/16 அங்குல மெல்லிய குழாய் பம்பு இல்லாமலே உறிஞ்சும். ஆனால் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் இணைப்புகளில் சளி அடைத்துக்கொள்ளும், கழுவாமல் விட்டால் விளைச்சல் சரியும். சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவினால் அந்த உப்புக்காக அணில்கள் குழாயைக் கடிக்கும். கால்சியம் ஹைப்போகுளோரைட் பரவாயில்லை.

தாய்க்குழாய் தாங்கும் கம்பியை மரத்தைச் சுற்றி முறுக்காதீர்கள். சில ஆண்டுகளில் பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும். பிறகு வாள் வைக்கும் ஆளுக்கும் அது ஆபத்து. கம்பிக்கும் மரத்துக்கும் இடையில் மரக்கட்டை வைத்து, ஆண்டுக்கொருமுறை தளர்த்துங்கள்.

ஒரு லிட்டர் பாகுக்கு எவ்வளவு சாறு? எவ்வளவு நேரம்?

86ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுங்கள். 2 சதவீதச் சாறு என்றால் 43 லிட்டர், 2.5 என்றால் 34. ஒரு வாளித் துளை பருவம் முழுதும் ஏறத்தாழ 40 லிட்டர் தரும்.

திறந்த தட்டில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் நீர் ஆவியாகும். 60 செ.மீ.க்கு 120 செ.மீ. தட்டு என்றால் மணிக்கு 29 லிட்டர். 50 துளைகள் நல்ல ஓட்டநாளில் 200 லிட்டர் தரும், அதாவது ஏழு மணி நேரம் அடுப்படியில். வாளியின் எண்ணிக்கையைத் தட்டின் அளவை வைத்தே முடிவுசெய்யுங்கள். வீட்டுச் சமையலறை வேண்டவே வேண்டாம், அத்தனை நீராவியும் சுவரில்தான் படியும்.

சாற்றைப் பால்போல் நினையுங்கள். 4 பாகைக்குக் கீழே வைத்து, முடிந்தால் ஒரு நாளுக்குள் காய்ச்சிவிட வேண்டும். தட்டில் சாறு 3 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் அடிபிடிக்கும், அடிபிடித்த வாசனையை எதனாலும் எடுக்க முடியாது.

பதம் எப்போது? என் பாகு ஏன் பூஞ்சை பிடிக்கிறது, ஏன் கற்கண்டாகிறது?

அன்றைக்குத் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் 4 பாகையில் பதம். காற்றழுத்தம் நாளுக்கு நாள் மாறுவதால் 104 என்று ஓர் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருந்தால் ஏமாறுவீர்கள். முதலில் வெறும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். கரண்டியின் விளிம்பிலிருந்து பாகு சொட்டாமல் தகடாக வழிவது கண்ணுக்கு அடையாளம். முடிவாக அடர்த்திமானி சொல்வதுதான் கணக்கு.

கனடிய விதிப்படி 66 பிரிக்ஸுக்கு (பிரிக்ஸ் என்பது பாகில் உள்ள சர்க்கரைச் சதவீத அளவு) குறையக் கூடாது, 68.9ஐத் தாண்டக் கூடாது. 66க்குக் கீழே நின்றால் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். 68.9க்கு மேலே போனால் புட்டியின் அடியில் கற்கண்டு கட்டும். காய்ச்சும்போது வெள்ளை மணல்போல் படிவது சாற்றின் தாது உப்பு. சூட்டோடே கம்பளித் துணியில் வடிகட்டி, 85 பாகையில் புட்டியில் அடைத்து, மூடி நனையச் சாய்த்து வையுங்கள்.

மொட்டு வீங்கத் தொடங்கியதும் சாறு நிறுத்துங்கள். அதன் பிறகு வரும் சாறு தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் பாகில் ஒரு கசந்த, குமட்டும் வாசனை வரும்.

விற்கலாமா?

விற்கலாம். மாகாணத்துக்குள் விற்க ஒன்டாரியோவின் 119/11ஆம் விதி பொருந்தும். மாகாண எல்லை தாண்டினால் கூட்டாட்சி உணவுப் பாதுகாப்பு விதிகளும் உரிமமும் வேண்டும். நிறத்தை வைத்து நான்கு வகை: பொன்னிறம், செம்பொன், அடர், மிக அடர். காய்ச்சும்போது நுரையடக்க வெண்ணெய் போட்டால், பால் ஒவ்வாதவர்களும் வாங்கக்கூடும் என்பதால், அதில் பால் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

காய்ச்சும் கொட்டகை கட்டினால் வரி ஏறுமா?

கொட்டகை நிற்கும் இடம் காட்டுப் பரப்பில் சேராது, கட்டடத்துக்குத் தனி மதிப்பீடு வரும். உங்கள் காடு 4 ஹெக்டேரை ஒட்டி நிற்கிறதென்றால் கொட்டகையும் வண்டிப்பாதையும் சேர்ந்து உங்களை எம்எஃப்டிஐபிக்கு வெளியே தள்ளிவிடக்கூடும். உணவகமோ கடையோ வைத்தால் அந்தப் பகுதி வணிக வகுப்புக்குப் போகலாம். கட்டுமுன் நகராட்சியையும், சொத்து மதிப்பிடும் எம்பேக்கையும் கேளுங்கள்.

மற்ற மரங்களை வெட்டிவிட்டு மேப்பிளை மட்டும் வைத்தால் சாறு கூடுமல்லவா?

சில ஆண்டுகளுக்குக் கூடும். பிறகு ஒரே புழு வந்து முழுக் காட்டையும் மொட்டையடிக்கும். காட்டுக் கூடாரப்புழுவுக்கு மேப்பிள் என்றால் விருந்து. ஆசிய நீளக்கொம்பு வண்டு 2003இல் டொராண்டோ, வோன் எல்லையில் கண்டறியப்பட்டபோது ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது. 2013இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள், அதே ஆண்டு மிசிசாகாவில் மீண்டும் கண்டறியப்பட்டது, இறுதியாக ஒழிந்தது என்று அறிவிக்க 2020 ஆயிற்று. பாஸ்வுட், செர்ரி, ஓக், ஹெம்லாக் என்று கலந்திருக்கும் காட்டில் பறவைகள் தங்கும், புழுவும் அடங்கும். பாஸ்வுட்டின் இலை விரைவில் மக்கி மண்ணுக்குச் சுண்ணச்சத்தும் தரும்.

களையெடுக்க வேண்டாம் என்பதல்ல. நல்ல மேப்பிளின் கிளைப்பரப்பை நெருக்கும் நோயுற்ற மரங்களை ஒன்றிரண்டு பக்கம் விலக்கினால் கிளை விரியும், இனிப்பும் கூடும். அடிப்பரப்பு ஹெக்டேருக்கு 20 சதுர மீட்டர் அளவில் நிற்கட்டும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் வெயில் பட்டை சுடும், காற்று மரத்தைச் சாய்க்கும். 1998 சனவரியில் கிழக்கு ஒன்டாரியோவைத் தாக்கிய பனிக்கட்டிப் புயலையும் 2022 மே 21 சூறைக்காற்றையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல கவுண்டிகளில் மரம் வெட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. எம்எஃப்டிஐபியில் பதிந்திருப்பதால் அந்தச் சட்டம் உங்களை விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம்.

கோடையில் புழு இலையைத் தின்றுவிட்டாலோ கடும் வறட்சி வந்தாலோ, அடுத்த வசந்தத்தில் அந்த மரங்களுக்கு ஓய்வு கொடுங்கள். இலை இழந்த மரத்தின் கட்டையில் இருக்கும் மாவுச்சத்துதான் அது மீண்டெழும் ஒரே கையிருப்பு. நீங்கள் எடுப்பதும் அதிலிருந்துதான்.

பக்கத்து உற்பத்தியாளருக்குக் காட்டைக் குத்தகைக்கு விடலாமா?

விடலாம், எழுத்தில் இருக்க வேண்டும். துளைக்கு இவ்வளவு என்று பணம் பேசுவதோடு, திட்டத்தில் நீங்கள் எழுதிய மூன்று எண்களையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். குழாயை யார் கழற்றுவது, எந்தத் தேதிக்குள் ஸ்பைல் எடுப்பது, ஈர மண்ணில் வண்டி ஓட்டலாமா என்பதையும் சேருங்கள். ஏப்ரல் சேற்றில் ஓடிய ஒரு டிராக்டர் வேர்களுக்குச் செய்யும் கேடு, பல ஆண்டுத் துளைகளைவிடப் பெரிது. குத்தகைக்காரர் செய்தாலும் திட்டத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

என்ன பதிவுகளை வைத்துக்கொள்ள வேண்டும்?

திட்டத்தின் ஐந்தாம் ஆண்டில் முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு பக்கம் போதும்: எந்தப் பிரிவில் எத்தனை துளை, எந்தத் தேதியில் போட்டது, எந்தத் தேதியில் எடுத்தது, எத்தனை லிட்டர் சாறு, எத்தனை பாகு, எந்த மரம் வெட்டியது, ஏன். ஆகஸ்டில் ஒருமுறை நடந்து, உச்சிக்கிளை காயும் மரங்களையும் முந்தைய ஆண்டுத் துளை மூடாத மரங்களையும் குறியுங்கள். இரண்டு ஆண்டாகியும் மூடாத துளை, அந்த மரம் தளர்ந்திருப்பதற்கு அடையாளம். அதை அடுத்த பருவப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

இந்த ஆண்டே பதிய முடியுமா? காணியை விற்றால் என்னாகும்?

ஒப்புதல் பெற்ற விண்ணப்பம் சூன் 30க்குள் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆண்டு வரியில் சலுகை தெரியும். ஒப்புதலாளர் பனி உருகிய பின்தான் காட்டை நடந்து பார்ப்பார். மே மாதத்தில் அவர்களுக்கு ஓய்வே இருக்காது என்பதால், இலையுதிர்காலத்திலேயே பேசிவையுங்கள். காணி கைமாறினால் விற்றவரின் பதிவு வாங்கியவருக்குத் தானாக வராது, அவர் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். காட்டுக்காணி வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் திட்டத்தின் பிரதியையும் துளைப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். பதிவேடு இல்லை என்றால், பத்து மரங்களின் அடித்தண்டைச் சுற்றி வந்து பழைய துளைத் தழும்புகளை எண்ணிப் பாருங்கள்.